மேல் மூலையில் வானம்

சுங்கை வே தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து கிள்ளான் பஸ்ஸில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் மானிட்டர் தொழிற்சாலையின் ஒரே நீலச் சட்டை. மூத்தவள் மடியில் பெரிய அட்டைப்பெட்டி, அதன்மேல் அவள் முகவாய்.

“இது நானே ரிஜெக்ட் பண்ண மானிட்டர், சாந்தி,” என்றாள் பெருமையாக.

“ரிஜெக்ட் பண்ணதை ஏன்க்கா காசு குடுத்து வாங்குனீங்க?”

“ஸ்டாஃப் சேல்ல பாதி வெலை லா. மேல இடது மூலையில கொஞ்சம் ரோஸா தெரியும், அவ்வளவுதான். கடையில மலிவா ஒன்னு பாத்தேன், அஞ்சு நிமிசத்துல தலைவலி. இதுல படம் ஆடாது, கண்ணு கூசாது. நாள் பூரா லைன்ல ஸ்கிரீன் செக் பண்றவ, எனக்குத் தெரியாதா?”

“பசங்க கேம் வெளையாடவா?”

“பசங்களா? நான்தான் வெளையாடுறேன். கார் கேம்.”

சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அந்த ரோஸ் கறை மறைக்காதா?”

“கார் ஓட்டுறப்ப அந்த மூலையில என்ன இருக்கும் சொல்லு? வானம். சாயங்காலம் ஆயிருச்சுன்னு நெனச்சுக்குவேன்.”

“அப்ப திங்கக்கிழமை லைன்ல இதே மாதிரி ஒன்னு வந்தா பாஸ் பண்ணிருவீங்களா?”

“சீ! ரிஜெக்ட்தான். வேலை வேற லா.”

பஸ் ஷா ஆலம் தாண்டும்வரை சாந்தி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“நல்லா பாத்து ரிஜெக்ட் பண்ணுங்கக்கா. அடுத்த சேல்ல நானும் ஒன்னு எடுக்கணும். கறை மட்டும் மேல் மூலையிலயே இருக்கட்டும்.”