மழை வரைக்கும் தண்ணி ஊத்தாதே

சுஜாதா: அக்கா, மாடிப்படிக்கு அடியில வெறும் மண்ணா ஆறு தொட்டி இருக்குதே... நீங்க காலி பண்ணிட்டுப் போனதும் குப்பை வண்டியில போட்டுடட்டுமா?

ராசாத்தி: வேணாம்மா. வெறும் மண்ணில்ல. உள்ள கிழங்கு தூங்குது.

சுஜாதா: என்ன கிழங்கு?

ராசாத்தி: இஞ்சி.

சுஜாதா: டீயில தட்டிப் போடலாமா?

ராசாத்தி: போட்டுறாத. இது பூவுக்கு வளக்குற இஞ்சி. எல மஞ்சள் செடி மாதிரி இருக்கும். நடுவுல ரோஸ் கலர்ல, சின்னத் தாமரை கணக்கா பூக்கும். எங்க வீட்டுக்காரரு பாகலூர் ரோட்டு நர்சரியில வாங்கிட்டு வந்தாரு.

சுஜாதா: வேப்பனப்பள்ளியில எங்க அப்பா வீட்டுல மாமரந்தான்க்கா. இதெல்லாம் எனக்குத் தெரியாது. தினம் ஒரு சொம்பு ஊத்தினா போதுமா?

ராசாத்தி: இப்ப ஊத்தவே கூடாது. கார்த்திகையில எல பழுத்துக் காஞ்சு விழுந்துரும். அப்பவே தண்ணிய நிறுத்திரணும். மொத வருஷம் செடி வாடுதேன்னு நான் ஊத்திக்கிட்டே இருந்தேன். ரெண்டு தொட்டி அழுகி நாறிருச்சு.

சுஜாதா: அண்ணன் திட்டினாரா?

ராசாத்தி: சிரிச்சாரு. நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்குறவன எழுப்பி சோறு ஊட்டுவியா, விடு தூங்கட்டும்னாரு...

சுஜாதா: எப்பதான் எழுந்திருக்கும்?

ராசாத்தி: சித்திரை வைகாசியில ஒரு நல்ல மழை பெய்யும்ல, அதுக்கப்புறம் மண்ணக் கீறிட்டு முளை வரும். அப்ப வெளிய எடுத்து வச்சுத் தண்ணி ஊத்து. உச்சி வெயில் மட்டும் படக் கூடாது.

சுஜாதா: இவ்ளோ ஆசையா வளத்துட்டு, ஏன்க்கா விட்டுட்டுப் போறீங்க?

ராசாத்தி: சாத்தூர்ல எங்க அண்ணன் வீட்டுல ஒரு ரூம் ஒதுக்கிக் குடுத்திருக்காங்க. நானும் என் பொட்டியும் இருந்தாலே நெறஞ்சிரும்.

சுஜாதா: நீங்க மட்டுமா... உங்க வீட்டுக்காரரு?

ராசாத்தி: அவரு... முன்னாடியே போயிட்டாரு.

சுஜாதா: ம்.

ராசாத்தி: உன் வீட்டுக்காரருக்கு எங்க வேல?

சுஜாதா: இங்கதான், சிப்காட்ல. இப்பதான் சேந்தாரு.

ராசாத்தி: எந்தக் கம்பெனி?

சுஜாதா: பேரு வாயில வரலக்கா... டெம்போக்காரர் கூப்பிடறாரு பாருங்க. சாமானெல்லாம் ஏத்திட்டாங்களாம்.

ராசாத்தி: நிக்கட்டும். நீ ஏன் தலையக் குனிஞ்சுக்கிட்ட?

சுஜாதா: அக்கா... எதிர்வீட்டு ஜெயமணி அக்கா சொன்னாங்க. உங்க வீட்டுக்காரரு கருப்பசாமி அண்ணன் ஊருக்குப் போகலைன்னு... கம்பெனியிலயே அவரு...

ராசாத்தி: சொல்லிருச்சா. சாவு நடந்த வீடுன்னு நீ வராமப் போயிரக் கூடாதேன்னுதான் மறைச்சேன்.

சுஜாதா: வீட்டைப் பாத்து எனக்குப் பயமில்லக்கா. நானும் ஒண்ணு மறைச்சேன். அண்ணன் வேலை பார்த்த அதே மெஷின்லதான் இவரை நிறுத்தியிருக்காங்க. உங்க மூஞ்சியப் பாத்து அதை எப்படிச் சொல்றது...

ராசாத்தி: தெரியும்மா. நீயே சொல்றியான்னுதான் எந்தக் கம்பெனின்னு கேட்டேன். தெரிஞ்சுதான் ஓனர்கிட்ட, வீட்ட அவங்களுக்கே குடுங்கன்னேன். உன்னப் பாக்காமப் போகக் கூடாதுன்னுதான் ஊருக்குப் போறதத் தள்ளிக்கிட்டே இருந்தேன். தகடு அடிக்கிற அந்தப் பிரஸ்ஸோட கதவத் தொறந்தா மெஷின் தானா நிக்கணும். வேல சீக்கிரம் ஆகணும்னு கதவுல இருக்குற சென்சர வயரு வச்சுக் கட்டிப் போட்டிருக்காங்க. இப்ப கதவத் தொறந்தாலும் மெஷின் நிக்காது. மாட்டிக்கிட்ட தகட்ட எடுக்கத்தான் எங்க வீட்டுக்காரரு உள்ள குனிஞ்சாரு. மெயின் ஸ்விட்ச அணைக்காம உன் வீட்டுக்காரரு உள்ள கை விடக் கூடாது. யாரு அவசரப்படுத்துனாலும் சரி... விடக் கூடாதுன்னு சொல்லு.