பழைய போர்டுக்கு ஓகே

ஸ்டெல்லா: செருப்ப மாட்டாதடி ரஞ்சனி. மொதல்ல உக்காரு.

ரஞ்சனி: வுடு ஸ்டெல்லா. கம்பெனிக்கு லீவு போட்டு பாகூருக்கு வந்ததே அதுக்குத்தான். சுப்பராயலு அய்யா வூட்டுக்குப் போயி நானே சொல்லிட்டு வந்துடறேன்.

ஸ்டெல்லா: இன்னான்னு சொல்லுவ? "அய்யா, நான் ஒரு லைப்ரரி எழுதறேன், அதுல வெர்ஷன் மாத்தினேன், உங்க நெல்லு சாஞ்சிடுச்சு"ன்னா? அவருக்கு லைப்ரரின்னா பேப்பர் படிக்கிற எடம்டி, கம்ப்யூட்டர் கோடு இல்ல.

ரஞ்சனி: கிண்டல் பண்ணாத. உங்க வயல்ல இருக்குற சர்க்யூட் போர்டு "தண்ணி போதும்"னு சொல்லணும். மோட்டார்ல இருக்குற போர்டு அத கேட்டு நிறுத்தணும். ரெண்டும் பேசிக்கிறது என் லைப்ரரிய வச்சுதான். பேசிக்கல. அப்ப தப்பு யாருது?

ஸ்டெல்லா: புது போர்டுல நல்லாத்தான ஓடுதுன்னு...

ரஞ்சனி: புதுசுல ஓடுது. உங்க மோட்டார்ல இருக்குறது பழசு, மெமரி கம்மி. புது வெர்ஷன்ல மெசேஜு நீளமாயிடுச்சு. பாதி கேக்குது, மீதிய வுட்டுடுது. விடிய விடிய தண்ணி ஓடி, வரப்ப ஒடச்சிகிட்டு அவரு கழனிக்குப் போயிடுச்சு. அறுக்க இருந்த நெல்லு...

ஸ்டெல்லா: ...ம்.

ரஞ்சனி: உங்கப்பா இன்னா சொன்னாரு சுப்பராயலு அய்யாகிட்ட?

ஸ்டெல்லா: அத வுடு.

ரஞ்சனி: சொல்லுடி.

ஸ்டெல்லா: குடிச்சிட்டுத் தூங்கிட்டேன், மோட்டார நிறுத்த மறந்துட்டேன்னு சொல்லிட்டாரு. தெருவே நின்னு பாக்குது... கையெடுத்துக் கும்புட்டாரு.

ரஞ்சனி: அவரு குடிக்கவே மாட்டாரேடி.

ஸ்டெல்லா: எம்பொண்ணு செஞ்ச மிஷினு கெட்டுப்போச்சுன்னு ஊரு பேசக் கூடாதாம். எங்கிட்ட மட்டும் சொன்னாரு. இந்த ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குக் கூட வரல.

ரஞ்சனி: அய்யோ... அப்ப கட்டாயம் போவணும். கைய வுடு.

ஸ்டெல்லா: போவாத. டெஸ்ட் பண்ணாமயா புது வெர்ஷன வெளிய வுட்டீங்கன்னு யாராவது கேப்பாங்க.

ரஞ்சனி: கேக்கட்டும். எந்தப்புன்னு சொல்றேன்.

ஸ்டெல்லா: என் பேர...

ரஞ்சனி: உன் பேரு எதுக்கு வருது?

ஸ்டெல்லா: நடிக்காத. உங்கிட்ட பழைய போர்டே கெடையாது. டெஸ்ட் பண்ணச் சொல்லி எனக்குத்தான அனுப்பின? நான்தான ஓகேன்னு சொன்னேன்?

ரஞ்சனி: ...ஆமா.

ஸ்டெல்லா: நான் டெஸ்டே பண்ணலடி. மோட்டார் கொட்டாய்க்குப் போயி, போர்ட கழட்டி, ரெண்டு மணி நேரம் உக்காரணும்... வேல இருந்துது. ஓகேன்னு சொல்லிட்டேன். அப்பறம் நீ வெளிய வுட்டியா, ரஞ்சனியே வுட்டுட்டா, சரியாத்தான் இருக்கும்னு அதையே மோட்டார்ல ஏத்திட்டேன். எங்கப்பா குடிகாரன்னு பேரு வாங்கிட்டு வூட்டுக்குள்ளயே கெடக்குறாரு. நான் வாயத் தொறக்கல. அவரு மூஞ்சப் பாக்க வெக்கமா இருக்குடி... திட்டிடு.

ரஞ்சனி: எந்த வாய வச்சிகிட்டுத் திட்டுவேன்? நீ ஓகேன்னு அனுப்பின வாய்ஸ் மெசேஜுல பேண்டு சத்தம் கேட்டுதுடி. தவளக்குப்பத்துல கல்யாணத்துல இருந்த. டெஸ்ட் பண்ணலன்னு அப்பவே தெரியும். லைப்ரரிய யூஸ் பண்றவங்க எல்லாரும் புது வெர்ஷன் எப்ப எப்பன்னு கேட்டுட்டு இருந்தாங்க, அன்னிக்கே வெளிய வுட்டு பேரு வாங்கிடணும்னு இருந்துது... தெரிஞ்சேதான் வுட்டேன்.