பால்மாரெஸ் மேடத்துக்குத் தொண்ட கட்டிச்சு

...இல்லம்மா, நீங்களே சொல்லுங்க, ஒரு பொம்பள ஒரு நாளைக்கு எத்தன பிளாஸ்க் இஞ்சித் தண்ணி குடிக்க முடியும்? ரெண்டு? சரி, மூணு? எனக்கு நேத்து பதினொண்ணு வந்துச்சும்மா. பதினொண்ணு! பேர் எழுதி ஒட்டி, தேன் கலந்து... ஒண்ணு விடாம குடிக்கணும், இல்லன்னா பிள்ளைங்க மூஞ்சி சுருங்கிடும். இப்ப எனக்கு வேர்த்தாக்கூட இஞ்சி வாசனதான் வருது. போன வாரம் வீட்டுக்குப் போனப்ப என் வீட்டுக்காரர் மோந்து பாத்துட்டு, "குழம்பு வெக்கலாம் போலருக்கே உன்ன வெச்சு"ங்கறார்.

அந்தப் பைய கீழ வைங்க, பரவால்ல, நான் கால நகத்திக்கறேன். இந்தக் கப்பல் இலோய்லோ போய்ச் சேர எப்படியும் ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். நான் வாராவாரம் போறவதான். திங்கள்லேர்ந்து வெள்ளி பக்கோலோத்ல, நர்ஸிங் காலேஜ்ல; ஹாஸ்டலுக்குப் பக்கத்துலயே ஒரு ரூம்ல தங்கல். உடற்கூறு எடுக்கறேன். எலும்பு, நரம்பு, தச. இருபத்தேழு வருஷம்! பிள்ளைங்க எனக்கு வெச்ச பட்டப்பேரு "ரேடியோ". அணைக்க சுவிட்சு இல்லாத ரேடியோவாம். மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க, டெஸ்க்ல கீறி வெச்சிருப்பாங்க.

எதுக்கு இஞ்சியா? அதத்தானே சொல்ல வரேன்.

எல்லாம் அந்த டீன் மேடம் பண்ண வேல. ஜூலை மாசம் ரெண்டு நாள் எங்களுக்கே கிளாஸ் வெச்சாங்க. பிள்ளைங்க மனச எப்படிப் பாத்துக்கறதுன்னு. மணிலாலேர்ந்து ஒருத்தர் வந்தாரு, சின்ன வயசு, சாக்ஸ்ல வாத்துப் படம். "ஒரு பிள்ள வந்து அழுதா அறிவுர சொல்லாதீங்க. உங்க கதயச் சொல்லாதீங்க. சாமிய நடுவுல இழுக்காதீங்க. 'ம்'னு கேளுங்க, போதும்"ங்கறாரு. நான் கைய தூக்குனேன். "சார், 'ம்'னு சொல்றதுக்கா எனக்கு முதுகலப் பட்டம்?"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரு "ம்"னாரு. எரிச்சலா இருந்துச்சும்மா!

ஒரு வாத்தியாருக்குப் பதினெட்டு பிள்ளைங்கன்னு பிரிச்சுக் குடுத்துட்டாங்க. மணிக்கட்டுல எட்டு எலும்பு இருக்கு, அதுல அஞ்சு பேர் சொல்லத் தெரியாது இதுங்களுக்கு, மனசு கனமா இருக்காம்! எங்க காலத்துல மனசு கனமா இருந்தா துணி துவைப்போம். என்ன சொல்றீங்க? நீங்களும் அப்படித்தானே? ...ஆ, சரி, மெஷின் வெச்சிருக்கீங்க.

சரி, ஆகஸ்ட்ல எங்க ஊர்த் திருவிழா. தெருவுல மைக் வெச்சு காராஓகே பாட்டு. பக்கத்து வீட்டு நெனெங் ஏழு பாட்டு பாடினா. அவ ஏழு பாடினா நான் சும்மா இருப்பனா? பதினாலு பாடுனேன்! கடசிப் பாட்டுல தொண்டக்குள்ள ஏதோ பட்டுனு கிழிஞ்ச மாதிரி இருந்துச்சு. காலைல எந்திரிச்சு வாயத் தொறந்தா வெறும் காத்து. டாக்டர் பாத்துட்டு "பத்து நாள் மூச். கிசுகிசுன்னு கூடப் பேசக் கூடாது"ன்னாரு. என் வீட்டுக்காரர் அந்த டாக்டர் கையப் பிடிச்சுக் குலுக்கினார்மா. கண்ணுல தண்ணி அவருக்கு.

சரி, பழைய வருஷத்துப் பாடம் பதிவு பண்ணி வெச்சிருந்தேன், அதப் போட்டு விட்டுட்டு, போர்டுல எழுதிக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டாம் நாள் சாயங்காலம் கதவத் தட்டி ஆர்னெல் வந்தான். என் பதினெட்டுல ஒருத்தன். மூணாம் வருஷம். ஒட்டடக்குச்சி மாதிரி இருப்பான். உக்காந்தான். நான் தொண்டயக் காட்டி, கைய விரிச்சு, "பேச முடியாது"ன்னு சைக காட்டுனேன். அவன் "பரவால்ல மேடம்"னான். அப்புறம் ஆரம்பிச்சாம்மா... ஒரு மணி பத்து நிமிஷம்.

அவனுக்கு வார்டுல முத பேஷண்ட் ஒரு பாட்டி. இவன அவங்க பேரன் பேரச் சொல்லித்தான் கூப்பிடுமாம். இவனும் திருத்தல, "சொல்லுங்க பாட்டி"ன்னு பேரனாவே இருந்திருக்கான். ஒம்பது நாள். பத்தாம் நாள் மத்தியானம் சாப்பிடப் போயிட்டுத் திரும்பி வந்தா, கட்டில்ல விரிப்ப உருவிக்கிட்டு இருக்காங்க. யாரும் ஒரு வார்த்த சொல்லலியாம். "அடுத்த கட்டிலுக்குப் போப்பா"ன்னுட்டாங்க. அன்னிலேர்ந்து வார்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துடறானாம். அம்மா தைபேல யாரோ ஒரு கிழவியப் பாத்துக்கற வேல. தெனம் போன்ல மொகத்தப் பாத்து "நல்லாருக்கேம்மா"ன்னு சிரிச்சிட்டு வெக்கறான். பைலேர்ந்து ஒரு தாள எடுத்தான். படிப்ப விடறேன்னு மனு. கையெழுத்துப் போட்டு ரெடியா வெச்சிருக்கான்.

எனக்கு உள்ள எத்தன வார்த்த வந்துச்சு தெரியுமா? தொண்ட வரைக்கும் வருது, அங்க நிக்குது. வாயத் தொறந்தா காத்து. அதனால... வேற வழியில்லாம கேட்டேன். டிஷ்யூவத் தள்ளுனேன். பியாயா வெல்ல ரொட்டி ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். கடிச்சுக்கிட்டே அழுதான்.

அப்புறம் சொன்னாம்மா... அதுதான். "மேடம், போன மாசமும் இத சொல்லத்தான் உங்ககிட்ட வந்தேன். நீங்க உங்க பித்தப்ப ஆபரேஷனப் பத்திச் சொன்னீங்க"ன்னான்.

குத்திக் காட்டலம்மா அவன். சும்மா சொன்னான், மழ பெஞ்சுதுன்னு சொல்ற மாதிரி.

எனக்கு ஞாபகம் வந்துச்சு. முப்பத்தஞ்சு நிமிஷம் பேசியிருப்பேன். கல்லு எத்தனன்னு கூடச் சொன்னேன். அவன் மூணு தடவ வாயத் தொறந்தான்ல... நான் கொட்டாவின்னு நெனச்சேன்.

ஒரு தாள்ல எழுதுனேன்: "கவுன்சலரப் பாக்கப் போவோமா? நானும் வரேன்." தலயாட்டினான். அடுத்த நாள் கூட்டிட்டுப் போனேன். அவன் உள்ள, நான் வெளில பெஞ்சுல. அஞ்சு தடவ போனோம். அந்த மனுவக் குடுக்கவே இல்ல. போன திங்கக்கிழம வார்டுக்குப் போனான். இப்ப அவனுக்கு ஒரு ரிட்டயர்ட் போலீஸ்காரரு பேஷண்ட், வாயத் தொறந்தா திட்டாம். "நல்லா திட்டறாரு மேடம், தெம்பா இருக்காரு"ன்னு பூரிச்சுப் போய்ச் சொல்றான்!

சரி, நல்லதுதான? அதோட விட்டானா? முத தடவ கவுன்சலரப் பாத்துட்டு வந்த அன்னிக்கே ஹாஸ்டல்ல போய், "பால்மாரெஸ் மேடம் கேக்கற மாதிரி யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு சொல்லிட்டான். மறுநாள் மூணு பேரு. வியாழக்கிழம பாத்தா வராந்தா முழுக்க வரிச. வாட்ச்மேன் நோட்டுல பேர் எழுதி நம்பர் குடுக்கறாரும்மா! என் பதினெட்டு மட்டும் இல்ல, அடுத்த வாத்தியாரோட பதினெட்டும் சேத்து. காதல் தோல்வி ஒருத்திக்கு, அப்பன் குடிக்கறான்னு ஒருத்தனுக்கு, ரூம்மேட் தன் சோப்பத் திருடறான்னு ஒருத்தனுக்கு... அவனும் அழறான்! கைல ஆளுக்கொரு பிளாஸ்க்.

நீங்க கேப்பீங்க, அதான் இப்ப நல்லா பேசறீங்களேன்னு. அங்கதான்... கொஞ்சம் கிட்ட வாங்க. வெளில சொல்லாதீங்க.

குரல் வந்து பதினாறு நாளாச்சு.

பத்தாம் நாள் டிரைசைக்கிள்காரன் என் கால்மேல சக்கரத்த ஏத்தப் பாத்தான். நான் போட்ட சத்தத்துல தெருவே திரும்பிச்சு. ஆகா, வந்துடுச்சுன்னு ஓடறேன் காலேஜுக்கு, இன்னிக்கு எல்லாத்தயும் பேசித் தீத்துடணும்னு! ரூமத் தொறந்தா ஒரு பொண்ணு ஏற்கெனவே உக்காந்து சொல்ல ஆரம்பிச்சிருக்கு. சரி, இவ முடிக்கட்டும்னு இருந்தேன். அவ முடிச்சா அடுத்தவன். அவன் பாதில இருக்கும்போது நான் எப்படி வாயத் தொறக்கறது? இப்படியே... பதினாறு நாள். யாரும் என்னக் கட்டிப் போடலம்மா. நானேதான். நான் சும்மா இருந்தா பிள்ளைங்ககிட்டேர்ந்து இவ்ளோ வெளில வருதேன்னு ஒரு... ஆசதான், வேற என்ன.

ஆனா உள்ள தேங்கிக்கிடக்கே! சனி ஞாயிறு வீட்டுக்காரர்கிட்ட கொட்டலாம்னு வந்தா, அவரு தூண்டில எடுத்துக்கிட்டுக் கடலுக்கு ஓடறாரு. கல்யாணமாகி முப்பது வருஷத்துல மீனே பிடிக்காத மனுஷன்!

இப்ப திங்கக்கிழம ஆண்டு விழா. எனக்கு விருதாம். "மாணவர் மனசக் கேட்கும் ஆசிரியர்"னு. விருது மட்டும் குடுத்தாப் பரவால்ல, இருபது நிமிஷம் பேசணுமாம்! பேசினா, குரல் வந்தத மறச்ச பொய்க்காரி. பேசலன்னா... இருபது நிமிஷம், மைக்கு, நானு, பேசாம! முடியுமா என்னால?

என்னம்மா, எந்திரிச்சிட்டீங்க? ஏசி ரொம்பக் குளிருதா? அந்தப் பக்கமும் அதே குளிருதான்... சரி, போங்க, போங்க. இறங்கும்போது பாக்கலாம். நல்ல பொண்ணு, எவ்ளோ பொறுமயா...

ஐயய்யோ.

நீ... லீஸல்தானே? ரெண்டாம் வருஷம்? பின் சீட்லயா இருந்த? எப்பலேர்ந்து? ...ஏறுனதுலேர்ந்தா!

இல்ல லீஸல், இது வந்து... இப்பத்தான் கொஞ்சம்... என்ன? தெரியுமா? யாருக்கு? ...எல்லாருக்குமா! வாட்ச்மேனுக்குமா! எப்படி?

குளிக்கும்போதா? நானா? பாடறேனா? ...ஹாஸ்டல் மூணாவது மாடி வரைக்குமா!

அடப் பாவிகளா! தெரிஞ்சுமா பதினாறு நாள் என்ன உக்கார வெச்சீங்க? ஒருத்தியாவது சொல்லக் கூடாது? ...ஓ. நான் பேச ஆரம்பிச்சுடுவேன்னு பயமா. சரிதான். நியாயந்தான். சிரிக்காதடி.

சரி, ஒழிஞ்சது. திங்கக்கிழம மேடைல உள்ளத உள்ளபடி சொல்லிடறேன். எனக்கும் நிம்மதி. உக்காரு, அந்த அக்கா எடம் காலியாத்தான் இருக்கு. ஊருக்கா போற? வெள்ளிக்கிழம உனக்கு மத்தியானம் வார்டு இருக்குமே... இந்தப் பெரிய பெட்டி எதுக்கு? திங்கக்கிழம திரும்பி வருவல்ல?

...

லீஸல்?

ம். சொல்லு.