வலப்பக்கத்து எஞ்சின்

சேலையூர் ஜெயஸ்ரீ மாமி போடும் காபியில் சர்க்கரை எப்போதும் ஒரு கரண்டி கூடுதலாகவே இருக்கும். நான் சொன்னதில்லை. சனிக்கிழமை தவறாமல் போய், மாமியைக் காரில் திருநீர்மலைக்கு அழைத்துப் போகிறேன். படியேறும்போது கை கொடுக்கிறேன். சொந்தப் பிள்ளை இருந்தால்கூட இப்படிச் செய்வானா என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

மாமியின் கணவர் யக்ஞநாராயணன் சார்தான் எனக்கு இரட்டை எஞ்சின் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஒற்றை எஞ்சினில் நான் கெட்டிக்காரன். இது வேறு சங்கதி. ஓர் எஞ்சின் நின்றால் விமானம் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு திரும்பும். எதிர்ப்பக்கத்துக் காலால் மிதித்து நேராக்கி, நின்ற எஞ்சினை அதன் நெம்புகோலை இழுத்து முழுதாக அணைக்க வேண்டும்.

"எந்தக் கால் சும்மா கெடக்கோ, அந்தப் பக்கத்து எஞ்சின்தான் செத்தது. மொதல்ல காலைக் கேளு, அப்புறம் கையை நீட்டு" என்பார்.

பயிற்சியில் மூன்று முறை பக்கம் மாற்றிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நாளைக்கு வந்துடும்டா" என்றார்.

மறுநாள் கிளம்பி முந்நூறு அடி ஏறியிருப்போம். இடது எஞ்சின் நிஜமாகவே நின்றது. அதற்கு யாரும் பொறுப்பில்லை. "கையை எடு, பரணி. நான் பாத்துக்கறேன்" என்றார் சார். சில நொடிகளில் வறண்ட ஏரிக்குள் விழுந்தோம். கரையில் மோதியது அவர் உட்கார்ந்திருந்த பக்கம். எனக்குத் தோள் எலும்பு முறிந்ததோடு சரி.

விசாரணையில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது எஞ்சினை யாரோ நிறுத்தியிருந்தார்கள். அந்த நெம்புகோல் இருவர் கைக்கும் எட்டும். பேச்சைப் பதிவுசெய்யும் கருவி அந்தச் சின்ன விமானத்தில் கிடையாது.

சார் சொன்னதை எழுத்து மாறாமல் சொன்னேன். எப்போது சொன்னார் என்பதை மட்டும் சற்று முன்னால் நகர்த்தினேன். நான் நெம்புகோலை இழுத்த பிறகு சொன்னதை, இழுப்பதற்கு முன் சொன்னதாக ஆக்கினேன். மீதியை அவர்களே எழுதிக்கொண்டார்கள். இறந்தவருக்கு இனி உரிமம் எதற்கு? எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

பயிற்சிப் பள்ளிச் சுவரிலிருந்து சாரின் படத்தைக் கழற்றிவிட்டார்கள். இப்போது அங்கே நான் சொல்லிக்கொடுக்கிறேன். பக்கம் மாற்றும் பிள்ளைகளிடம் சாரின் பெயரைச் சொல்லி எச்சரிப்பேன். நன்றாக மனதில் பதிகிறது.

போன சனிக்கிழமை மலையில் பாதிப் படியில் மாமி உட்கார்ந்துவிட்டார்.

"அத்தனை வருஷம் பறந்தவர், எப்படிடா மாத்தி இழுத்தார்? உன்னைக் கொன்னிருப்பாரே. உங்கம்மா மூஞ்சில நான் எப்படி முழிச்சிருப்பேன்? அவர் படத்துக்கு ஒரு பூ வைக்கக்கூட எனக்கு மனசு வரலைடா."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன்; மாமி வாங்கவில்லை.

"அவரை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, பரணி. உன் வாயால சொல்லு."

"மன்னிச்சுட்டேன் மாமி" என்றேன்.

மாமி என் வலது கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு எழுந்து மீதிப் படிகளை யார் துணையும் இல்லாமல் ஏறினார். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிம்மதியை அவருக்கு யார் கொடுத்திருப்பார்கள், சொல்லுங்கள்.