இரண்டே சீட்டு

எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் படகு டிக்கெட் வரிசையில் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் ஐம்பது வயதைத் தொட்ட ஒரு தம்பதி.

“காருக்குள்ள உக்கார முடியாதாம், படுக்கணுமாம். அதைப் போய் யாராவது வாங்குவாங்களா?” என்றார் மனைவி.

“ஸ்போர்ட்ஸ் கார்னா தாழ்வாத்தான் இருக்கும் மீனா. பதினெட்டு வருஷப் பழசு, ஆனா இன்ஜின் ஏக்தம் படியா, ரொம்ப அருமையா இருக்கு.”

“நம்ம டாலிகஞ்ச் ரோட்டு ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டுமே?”

“மெதுவா ஏத்தி இறக்கலாம்.”

“மெதுவா போறதுக்கு எதுக்குங்க ஸ்போர்ட்ஸ் கார்?”

கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வரிசை இரண்டடி நகர்ந்தது.

“வேணாம்னு சொல்லிடுங்க.”

“மெயின்லேண்ட்ல காரைக் கப்பல்ல ஏத்திட்டாங்க. புதன்கிழமை வருது.”

அந்த அம்மா பையைத் தோள் மாற்றும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

“எத்தனை பேர் போகலாம்?”

“ரெண்டே சீட்டுதான்,” என்றார் கணவர், குரலைத் தாழ்த்தி.

“அப்போ ஞாயித்துக்கிழமை பீச்சுக்கு உங்க தம்பி, அவன் பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாம்?”

“இனிமே அவங்களுக்கு இடமில்ல.”

“நம்ம ரெண்டு பேர் மட்டும்தானா?”

“ஆமா.”

“கப்பல் எத்தனை மணிக்கு வருது? நானும் ஆபீசுக்கு லீவு போட்டுடறேன்.”