கடைசி வாரத்தில் அனுப்பினால் போதும்

என் கம்போ குழம்புக்கு எங்கள் ஊர் லஃபாயெட்டில் நல்ல பெயர், டீன் அவர்களே. ஞாயிறு மதியம் என் சமையலறைக்கு வந்து பாருங்கள். டாக்டராகும் ஆசையோடு எட்டுப் பத்துக் கறுப்பினப் பிள்ளைகள், ஒரு கையில் கரண்டி, மறுகையில் வேதியியல் புத்தகம், ஒரே சிரிப்பும் கும்மாளமும். பல்கலைக்கழகம் என்னை வழிகாட்டியாக வைத்திருப்பது இவர்களுக்காகத்தான். எவர் வீட்டிலும் டாக்டர் கிடையாது. நான் சொன்னால் அதுதான் சட்டம்.

ரெனீட்டா அவர்களில் படு சூட்டிகை. அவள் ஊர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். டாக்டராகித் திரும்பி வருவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். சின்னவர்களுக்கு அவள் பாடம் சொன்னால் கல்லுக்கும் புரியும். அவள் வந்தாலே என் வீடு களைகட்டிவிடும். மருத்துவக் கல்லூரிக்கு முதல்முறை விண்ணப்பித்த வருடம், ஜூன் மாதமே அனுப்பத் துடித்தாள்.

"மார்க் கம்மியா இருக்கிறவங்க முந்திக்கணும். உனக்கு எதுக்கும்மா அவசரம்? முந்திரிக்கொட்டைனு நினைப்பாங்க. நல்லா மெருகேத்திக் கடைசி வாரத்துல அனுப்பு, போதும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி, மிஸ் டெல்ஃபின்."

உங்களுக்குத் தெரியாததா? விண்ணப்பம் வர வர இடம் நிரம்பிவிடும். கடைசி வாரத்தில் மிச்சம் என்ன இருக்கும்? டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சாப்பாட்டு மேஜையிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள்.

மூன்று வருடம் அப்படியே போயிற்று. ஒவ்வொரு முறையும் இடம் கிடைக்காமல் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் பீக்கன் பை என்ற பருப்பு இனிப்பைச் சுட்டுக் கொடுத்தேன். மறுவாரமே கேலி பேசிக்கொண்டு வந்துவிடுவாள்.

"உங்க கம்போவ விட்டுட்டு நான் போயிடக் கூடாதுன்னு யாரோ நேர்ந்துக்கிட்டாங்க போல, மிஸ் டெல்ஃபின்!"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

டாக்டரானவர்கள் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார்கள். அதுவும் இரண்டு வருடத்துக்குத்தான். ரெனீட்டாவையும் அப்படி இழக்க எனக்கு மனமில்லை. ஆம், தெரிந்தேதான் செய்தேன்.

மார்ச் மாதம் அவள் அம்மாவுக்கு நெஞ்சுவலி. பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். ரெனீட்டா இந்த வருடம் விண்ணப்பிக்கவே இல்லை. என் வீட்டுப் பின்னறைக்கே குடிவந்துவிட்டாள். "இனி எனக்குன்னு நீங்க மட்டுந்தான்" என்று நேற்றுகூடச் சொன்னாள்.

நீங்களே யோசித்துப் பாருங்கள், டீன் அவர்களே. அன்றைக்கே அவளை டாக்டராக விட்டிருந்தால், இன்று அவளைத் தேற்ற யார் இருந்திருப்பார்கள்?