எட்டு அங்கமும் தரையில்

— மனசால பண்ணினாலே போறும், பாலா. ஈச்வர ப்ரணிதானம், அவன்கிட்ட சரணாகதிங்கறது உள்ளே நடக்கற விஷயம். அதுக்குத் தரையில விழுந்துதான் ஆகணும்னு இல்லை.

— எட்டு அங்கமும் தரையில படணும்னு போன வாரம் வரைக்கும் சொன்னவர் யாரு? கல்யாணமாகி ஆறு வருஷம். சாமுண்டி படத்துக்கு முன்னால நெடுஞ்சாண்கிடையா விழாம நீங்க ஒரு ஆசனம் போட்டதில்லை. நாலு நாளா நின்னுண்டே கையைக் கூப்பறேள்.

— எனக்கு இப்பத்தான் அர்த்தம் புரிஞ்சுது.

— ஆமாமாம். எண்ணெய் ஸ்நானமும் கூடாதுன்னு அந்த அர்த்தத்துல இருக்காக்கும். இன்னிக்குப் புதன்கிழமை, முதுகு தேய்ச்சு விடறேன்னா வேண்டாங்கறேள். உடம்பு இளகணும்னு தினமும் முதுகுல ஏறி நில்லு, ஏறி நில்லும்பேள். அதையும் நாலு நாளா நிறுத்தியாச்சு.

— ஏறி நின்னுட்டு, பாவம் பாவம்னு என் காலைத் தொட்டு நமஸ்காரம் பண்றே. எனக்கே சங்கடமா இருக்கு. அதான்.

— ஆம்படையான் மேல கால் வெச்சா பின்னே நமஸ்காரம் பண்ணாம என்ன பண்ணுவா? மூணு வருஷமா இல்லாத சங்கடம் இப்ப எங்கேர்ந்து வந்தது? கையைத் தூக்குங்கோ.

— எதுக்கு?

— தூக்குங்கோன்னா.

— ஜட்கா வண்டி வந்துடும், பாலா. அரண்மனை விருந்தாளியா பம்பாய் டாக்டர்கள் வந்திருக்கா. நாலு மணிக்கு யோகசாலையில எங்களைப் பாக்க வரா. அதுக்கு முன்னால ஒத்திகை... விடு. அங்கே தொடாதே. அம்மா.

— கன்னங்கரேல்னு வீங்கிக் கிடக்கே. விலாவா?

— ஸ்வல்பம் அடி.

— மூச்சு விட்டா வலிக்கறதா?

— ஆழமா விட்டா மட்டும்.

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சது போறாதுன்னு, மேல சாஸ்திரத்தை வேற கொட்டி மூடியிருக்கேள். யார்கிட்டயாவது காட்டினேளா?

— டாக்டர் வைத்யநாதன் கிட்ட. எலும்பு விரிஞ்சிருக்காம். ஒண்ணரை மாசம் உடம்பை வளைக்கவே கூடாதாம்.

— இன்னிக்கு என்ன ஆசனம் உங்களுக்கு?

— வாசல்ல ஜட்கா வந்துடுத்தா பாரு.

— கேக்கறேன் இல்லையா.

— மயூராசனம். ஸ்ரீகண்டா, அதைப் பண்ண உன்னை விட்டா ஆள் இல்லைன்னு குரு என்கிட்ட சொல்லிட்டார். இன்னிக்கு நன்னா நடந்தா அங்கே வாத்தியார் உத்தியோகம் எனக்குத்தான். ரயில்வே வேலையை விட்டுட்டு நாலு வருஷமா எதுக்காக இருக்கேன், சொல்லு?

— முழங்கை ரெண்டையும் வயித்துல குத்தி, மொத்த உடம்பையும் அதுமேல தூக்கி நிறுத்தணும். விரிஞ்ச எலும்பு முறிஞ்சு உள்ளே குத்தினா என்ன ஆகும்னு வைத்யநாதன் சொல்லலையா?

— சொன்னார்.

— அப்பறமும் போறேள்.

— அதுதான் ப்ரணிதானம். உடம்பைக் கொண்டுபோய் அவன் காலடியில வெச்சாச்சு. அது இருக்கா உடையறதான்னு அப்பறம் நான் எட்டிப் பாக்கக் கூடாது.

— எங்கப்பா பாடசாலையில முப்பது வருஷம் இதைச் சொல்லிக்கொடுத்தவர். உன்கிட்ட இருக்கறதெல்லாம் ஈச்வரன் முன்னால வை, ஒண்ணைக்கூட முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சுக்காதே, அதுதான் ப்ரணிதானம்பார். நீங்க வலியை ஒளிச்சேள், டாக்டர் சொன்னதை ஒளிச்சேள். எல்லாத்தையும் ஒளிச்சுட்டு அவன் முன்னால எதை வைக்கறேள்? எனக்குப் பயமா இருக்கு. உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?

— அழாதே.

— யார் பண்ணினது இதை?

— யாரோ. கால் வழுக்கிடுத்து. வேணும்னு பண்ணலை.

— அங்கே உங்க முதுகுல ஏறி நிக்கறவன் காளிதாஸ்தானே? அந்த உத்தியோகத்து மேல அவனுக்கும் கண்ணுன்னு போன மாசம் நீங்களே சொன்னேள்.

— அவன் இல்லை.

— அப்ப யாரு? பேர் வாயில வரலைன்னா அவன்தான். புடவையை மாத்திண்டு அந்த ஜட்காவுல நானே ஏறிப் போறேன். குரு முன்னால அவனை நிக்க வெச்சுக் கேக்கறேன்.

— கேட்டா அவனை இன்னிக்கே வெளியில அனுப்பிடுவார். அவன் மேல ஒரு தப்பும் இல்லை. இரு, பாலா. நான் இன்னிக்கு ஆசனம் போடலை. குரு கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன், விலா எலும்பு விரிஞ்சிருக்கு, முடியாதுன்னு. உத்தியோகம் போனாப் போறது. உனக்கு அது போறுமா?

— போறாது. உங்க நாலு வருஷம் மண்ணாப் போச்சு. மிதிச்சவன் நாலு நாளா ஒரு வார்த்தை பேசாம, வேளா வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கான். அந்தக் கால் விளங்குமா?

— சபிக்காதே.

— சபிப்பேன். அந்தக் கால்...

— வேண்டாம்னா வேண்டாம். எலும்பு விரிஞ்சது தெரியவே தெரியாது, பாவம்.

— எதுக்கு இப்படிப் பரிஞ்சுண்டு வரேள்? இந்தச் சாமுண்டி முன்னால நின்னு பேரைச் சொல்லுங்கோ. சொல்லலைன்னா ஜட்காவுல காளிதாஸைத் தேடிண்டு போறேன்.

— ஒண்ணையும் ஒளிக்காம வைக்கணும்னு சொன்னார் இல்லையா உங்கப்பா?

— ஆமா.

— சரி. வெச்சுடறேன். சனிக்கிழமை யோகசாலை லீவு. காலம்பற எண்ணெய் தேய்ச்சுண்டு இந்தக் கூடத்துல குப்புறப் படுத்திருந்தேன், ஒரு தரம் ஏறி நில்லுன்னு நான்தான் கூப்பிட்டேன். எண்ணெயில கால் வழுக்கிடுத்து. நீ சிரிச்சுண்டே இறங்கி, என் காலைத் தொட்டு நமஸ்காரம் பண்ணினே, பாலா.